ஷமுவா வேட்டைக்குத் தோட்டாவும் குண்டும்: புதுச்சேரியிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்களுக்கு

சென்ற மாசியில் எங்கள் தெரு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். அவருக்குப் பிரான்சில் ஷாம்பெரி பக்கம் வேலை. உடன் வேலை செய்கிறவர்கள் இலையுதிர் காலம் வந்தால் மலைவேட்டைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்ததும் கைபேசியில் ஒரு துப்பாக்கியின் படத்தைக் காட்டி, "மாமா, .300 வின்செஸ்டர் மேக்னம். எதற்கும் இது போதும் என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். "எதை அடிக்கப் போகிறாய், தம்பி?" என்றேன். ஷமுவா என்றார். அது ஆல்ப்ஸ் மலையில் வாழும் ஆட்டினத்து விலங்கு. ஷமுவா எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நம் ஊர் சொல்தாக்களில் நானும் ஒருவன். ஓய்வுக்குப் பின் பல ஆண்டுகள் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் குடியிருந்து, அந்த ஊர் வேட்டைச் சங்கத்தில் உறுப்பினனாக இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில் தொடங்கி, பிறகு தோட்டாவுக்கு வந்து, கடைசியாகத்தான் விலங்கை நினைக்கிறார்கள் என்பதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தேன். வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது: விலங்கு முதலில், பிறகு தூரம், பிறகு குண்டு, அதற்குப் பின் தோட்டா, எல்லாவற்றுக்கும் கடைசியில் துப்பாக்கி. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. ஆகவே இங்கே எழுதுவது எதுவும் நம் மலைகளுக்குப் பொருந்தாது. பிரான்சில் வேட்டையாட ‘பெர்மி’ வேண்டும். அதற்கான தேர்வை 2020-இல் உருவான பிரெஞ்சுப் பல்லுயிர் அலுவலகம் நடத்துகிறது. செய்முறைத் தேர்வில் துப்பாக்கியின் வாயை ஒரு முறை மனிதர் பக்கம் திருப்பினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஷமுவா, பிரனீஸ் மலையில் வாழும் அதன் சிறிய உறவான இஸார், காட்டுச் செம்மறியான முஃப்லோன், மான்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கீட்டு முறை உண்டு. சங்கத்துக்கு அந்த ஆண்டு எத்தனை விலங்கு என்பது முன்னதாகவே முடிவாகிவிடும், விழுந்த விலங்கின் காலில் ‘பிரேஸ்லே’ எனப்படும் எண் பட்டையை மாட்டிய பிறகுதான் அதை அங்கிருந்து எடுக்க முடியும். ஷமுவாவுக்கும் இஸாருக்கும் காலம் மிஞ்சிப்போனால் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. வளைந்த பெரிய கொம்புடைய புக்தேன் என்னும் மலையாடு பிரான்சில் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதைத் தொலைநோக்கியில் பார்ப்பதோடு சரி. தோட்டாவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது: குளம்புள்ள பெருவிலங்குகளுக்கு .22 போன்ற, அடி விளிம்பைத் தட்டி வெடிக்கும் தோட்டாக்கள் கூடாது, 5.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த காலிபர் (குண்டின் விட்டம்) கூடாது, குண்டு 100 மீட்டர் தூரத்தில் குறைந்தது ஒரு கிலோ ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும். கீழே நான் குறிப்பிடும் தோட்டாக்கள் எல்லாம் இந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டுகின்றன. எனவே வரம்பைப் பற்றி மேலும் கவலைப்பட வேண்டியதில்லை.

விலங்கும் தூரமும்

நன்கு வளர்ந்த ஆண் ஷமுவா இலையுதிர் காலத்தில் 35 முதல் 45 கிலோ இருக்கும், பெண் அதைவிடக் குறைவு. அதாவது நம் ஊர்ச் சந்தையில் நிற்கும் நல்ல கிடா ஒன்றின் எடைதான். தோல் மெல்லியது, எலும்பும் கனமானதல்ல. இஸார் இன்னும் சிறியது. முஃப்லோன் கொஞ்சம் பெரியது. இவற்றை வீழ்த்துவதற்குப் பெரிய ஆற்றல் தேவையில்லை. தேவைப்படுவது, நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதிக்குள் குண்டு போய்ச் சேர்வது. ஷமுவாவிடம் அந்தப் பகுதியின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர், வீட்டில் சுண்டல் வைத்துத் தரும் சிறிய எவர்சில்வர் தட்டின் அளவு. மலைவேட்டையில் ஆற்றலைவிடத் துல்லியத்துக்கே மதிப்பு அதிகம் என்று நான் சொல்வதற்கு இந்தத் தட்டுதான் காரணம். அதே மலையில் நீங்கள் 150 கிலோவுக்கு மேற்பட்ட ஆண் செம்மானையும் காட்டுப்பன்றியையும் வேட்டையாடப் போகிறீர்கள் என்றால் கணக்குச் சற்று மாறும், ஆனால் புதியவர்கள் நினைக்கும் அளவுக்கு மாறாது.

அடுத்தது தூரம். மலையில் 400, 500 மீட்டரில் சுட்ட கதைகள் மதுக்கடை மேசையில் நிறையக் கிடைக்கும். நான் சுட்டவற்றில் பெரும்பாலானவை 120 முதல் 220 மீட்டருக்குள் அடங்கும், ஏனென்றால் வேட்டையின் உழைப்பே அருகில் போவதில்தான் இருக்கிறது. உங்கள் தூரம் எது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. சுடுதளத்துக்குப் போய், மேசையில் சாய்ந்து சுடாமல், முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, ஒரு சரிவை ஓடி ஏறி வந்த மூச்சிரைப்போடு ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்தும் அந்த எவர்சில்வர் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். முதல் ஆண்டில் பெரும்பாலானவர்களுக்கு அது 150 மீட்டர்தான், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி என் தவறு. இரண்டாவது பருவத்தில், ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டு, மேக்னம் என்னும், மருந்து அதிகமுள்ள தோட்டாவைச் சுடும் எடை குறைந்த துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். உதைப்பை எண்ணால் சொல்வதானால், ஒரே 3.6 கிலோ துப்பாக்கியில் .243 வின்செஸ்டர் என்னும் தோட்டா ஏறத்தாழ 12 ஜூல், .270 வின்செஸ்டர் ஏறத்தாழ 22 ஜூல், .300 வின்செஸ்டர் மேக்னம் 37 ஜூல் அளவில் தோளில் உதைக்கும். துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். படையில் இருந்தவன் என்ற நினைப்பில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மாலை, 180 மீட்டரில், அசையாமல் நின்ற ஷமுவாவின் வயிற்றில் சுட்டேன். விசையை அழுத்தும் நொடியில் உதையை எதிர்பார்த்து என் தோள் முன்னே தள்ளியிருக்கிறது. குண்டு ஒரு சாண் பின்னால் போய்விட்டது. இருட்டிவிட்டதால் மறுநாள் காலையில், இரத்த வாடை தொடரும் நாயோடு ஒருவர் வந்து தேடினார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஓர் ஓடைப் பள்ளத்தில் அது கிடந்தது, இறைச்சி கெட்டுப்போயிருந்தது. அந்த நாய்க்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இந்தக் கோளாறு உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுடுதளத்தில் நண்பர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பயிற்சித் தோட்டா வரும்போது குழலின் முனை கீழே குனிந்தால், அந்தக் காலிபர் உங்களுக்குப் பெரியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குண்டு

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு என்ற நான்கும் சேர்ந்தது. இவற்றில் விலங்கைத் தொடுவது குண்டு மட்டுமே. மற்ற மூன்றும் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. ஆயினும் கடைக்குப் போகிறவர்கள் வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, குண்டைக் கேட்காமலே பெட்டியை வாங்கி வருகிறார்கள்.

பழைய வகைக் குண்டில் ஈயக் கருவின் மேல் செம்புக் கலவை உறை போர்த்தியிருக்கும். நுனியில் ஈயம் வெளியே தெரியும், அல்லது பிளாஸ்டிக் முனை பொருத்தியிருக்கும். உடலில் பட்டதும் நுனி மலர்ந்து, காளான் போல் விரிந்து, அகலமான காயத்தை உண்டாக்கும். ஷமுவாவின் மெல்லிய உடலுக்கு இந்த வகையே நன்றாக வேலை செய்கிறது. சிக்கல் எப்போது வருகிறது என்றால், வேகமான தோட்டாவில் இந்த மென்மையான குண்டைப் போட்டு, அருகில், தோள் எலும்பில் சுடும்போது: குண்டு சிதறி, முன்சந்து முழுவதும் இரத்தக் கட்டியாகி, சமைக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்கு மாற்றாக உறையையும் கருவையும் உருக்கி ஒட்டிய குண்டுகள் வந்தன. அதற்கும் முன்பே, 1946-இல் கனடாவில் ஒரு மூஸ் மானின் மேல் தன் குண்டுகள் சரியாக ஊடுருவாமல் போனதைக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி மலரும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பெரிய செம்மானுக்கு இவை மிக நல்லவை. ஷமுவாவுக்கு மட்டும் என்றால் இவ்வளவு கெட்டியான குண்டு அவசியமில்லை. 250 மீட்டருக்கு அப்பால், வேகம் குறைந்த நிலையில், மிகக் கெட்டியான குண்டு சரியாக மலராமல் ஊசி போல் துளைத்துக்கொண்டு போய்விடலாம்.

மூன்றாவது வகை, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்று தொடங்குகிறவர் அநேகமாக இதில்தான் போய் முடிவார். ஈயக் குண்டு மலரும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுகின்றன. அவை நம் தட்டுக்கும் வரும், மலையில் விட்டுவரும் குடலைத் தின்னும் பறவைகளின் வயிற்றுக்கும் போகும். ஆல்ப்ஸ் மலையில் அற்றுப்போன தாடிக்கழுகை 1986 முதல் திரும்பக் குடியேற்றி வருகிறார்கள். அவற்றுக்கும் பொன்னிறக் கழுகுகளுக்கும் ஈய நஞ்சு பெரிய ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் ஈர நிலங்களில் ஈய ரவையை 2023 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டது. மலைக்கு இன்னும் அந்தத் தடை வரவில்லை என்றாலும், நான் செம்புக்கு மாறிவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து மாறவில்லை. பேரப்பிள்ளைகள் அந்தக் கறியைச் சாப்பிடுகிறார்கள், அதனால்.

செம்புக்கு மாறும்போது ஒரு நுட்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் இளைஞருக்கு இதை வாயால் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. மறுநாள் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் அழைத்துப் போனேன். 7 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயக் கம்பி ஒன்றும் அதே கனத்தில் செம்புக் கம்பி ஒன்றும் எடுத்து, தங்கம் நிறுக்கும் தராசில் இரண்டிலும் சரியாகப் பத்துப் பத்து கிராம் வரும்படி வெட்டித் தரச் சொன்னேன். இரண்டையும் பட்டறைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஈயம் 23 மில்லிமீட்டர் உயரம் நின்றது, செம்பு 29. "ஒரே எடைதானே, இது ஏன் நீளம்?" என்று இளைஞர் தராசைத் திரும்பப் பார்த்தார். ஈயத்தின் அடர்த்தி செம்பைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம், அதனால்தான்.

இந்த 6 மில்லிமீட்டரிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. நீண்ட குண்டு தலைகீழாகப் புரளாமல் நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உட்புறச் சுழல்வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பது குழலோடு பிறந்தது, மாற்ற முடியாது, பழைய .270, .243 குழல்களில் அது பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 க்ரீட்மோர் என்னும் புதிய தோட்டாவுக்கான குழல்களில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எனவே வாங்கும் செம்புக் குண்டு உங்கள் குழலுக்குப் பொருந்துமா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, ஈயத்தில் எந்த எடை சுட்டீர்களோ அதைவிடச் செம்பில் ஒரு படி இறங்க வேண்டும். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம், ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். .270-இல் ஈயக் குண்டு 130 முதல் 150 கிரெயின் என்றால் செம்பில் 110 முதல் 130 போதும்; 7 மில்லிமீட்டரில் 140 முதல் 160 என்பது 120 முதல் 140 ஆகும்; .308-இல் 150 முதல் 165 என்பது 130 முதல் 150 ஆகும். செம்பு சிதறாமல் எடையை அப்படியே தக்கவைத்துக்கொள்வதால் இந்த இறக்கத்தால் நட்டமில்லை. மூன்றாவதாக, செம்பு ஈயத்தைப் போல் எளிதில் மலராது. அதற்கு வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகள் நொடிக்கு 550, 600 மீட்டர் வேகத்துக்குக் கீழே நம்பகமாக விரிவதில்லை. .308-இல் இந்த எல்லை ஏறத்தாழ 300 மீட்டர் தூரத்தில் வந்துவிடுகிறது. அதற்குமேல் சுடாதீர்கள் என்று நான் சொல்வதைவிடக் குண்டே சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பாறையில் பட்டால் செம்புக் குண்டு உடையாமல் முழுதாகத் தெறித்துப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. விலங்கின் பின்னால் மண்ணாலான சரிவு இருந்தால் மட்டும் சுடுங்கள், முகட்டில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் விலங்கை ஒருபோதும் சுடாதீர்கள்.

தோட்டா

இவ்வளவு முடிவு செய்த பிறகு தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அண்மைக்காலம் வரை பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் இதில் சுதந்திரமாக இல்லை என்பது சுவையான செய்தி. .308, .30-06 போன்ற படைத் தோட்டாக்கள் 2013 வரை அங்கே போர்க்கருவிப் பிரிவில் இருந்தன. அதனால் 1917-இல் ஜெர்மானியர் பிரென்னெக்கே வடிவமைத்த 7×64-உம், 1925-இல் அமெரிக்காவில் வந்த .270 வின்செஸ்டரும் பிரெஞ்சு மலைகளில் வேரூன்றின. இந்தியாவிலும் படைத் தோட்டாவான .303 தடைசெய்யப்பட்ட காலிபர் என்பதால்தான் மேற்கு வங்கத்து ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 துப்பாக்கி நம் நாட்டு உரிமதாரர்களின் கைக்கு வந்தது. சட்டம் இரண்டு நாடுகளிலும் தோட்டாவின் வரலாற்றை எழுதியிருக்கிறது.

.243 வின்செஸ்டர் 100 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டரில் அனுப்புகிறது. உதை மிகக் குறைவு. ஷமுவாவுக்கும் இஸாருக்கும் போதும், பெரிய செம்மானுக்கு நான் எடுத்துப்போக மாட்டேன். 1894-இல் பிறந்த 6.5×55 ஸ்வீடிஷ் தோட்டாவும் 2007-இல் பிறந்த 6.5 க்ரீட்மோரும் நூறாண்டு இடைவெளி இருந்தும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன: 140 கிரெயின் குண்டு, நொடிக்கு 800 மீட்டரைச் சற்றுத் தாண்டும் வேகம், மென்மையான உதை, காற்றில் குறைந்த விலகல். புதியவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். செம்மானும் உண்டு என்றால் 7 மிமீ-08, 7×64, .270, .308 ஆகிய நான்கில் எது உங்கள் ஊர்க் கடையில் மூன்று, நான்கு வகைக் குண்டுகளோடு எப்போதும் கிடைக்கிறதோ அதை எடுங்கள். .270-இல் 130 கிரெயின் குண்டு நொடிக்கு 930 மீட்டர் வேகத்தில் புறப்படுவதால் பாதை மிகத் தட்டையாக இருக்கும்; .308 சற்று வளைந்து போகும், ஆனால் குட்டைக் குழலிலும் வேகம் அதிகம் குறையாது. வேறுபாடுகள் இவ்வளவுதான். ஆஸ்திரிய, பவாரிய மலைக்காரர்கள் நடுவில் மடக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கியை விரும்புவார்கள். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு, அதற்கு 6.5×57 ஆர், 7×65 ஆர் என்று அடியில் விளிம்புள்ள தோட்டா. அழகான கருவி, ஆனால் இரண்டாவது குண்டு கைக்கு வர நேரமாகும், முதல் துப்பாக்கிக்கு ஏற்றதல்ல.

மேக்னம் தோட்டாக்கள் 300 மீட்டருக்கு அப்பால் பயன்படும். நீங்கள் 300 மீட்டருக்கு அப்பால் சுடக் கூடாது. இதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சரிவு, காற்று, குளிர்

சமதளத்தில், குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிபார்த்த துப்பாக்கி மலையில் உயரமாகச் சுடும்; மேல்நோக்கிச் சுட்டாலும் அப்படித்தான், கீழ்நோக்கிச் சுட்டாலும் அப்படித்தான். குண்டைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அது சரிவு தூரத்தைப் பார்ப்பதில்லை, கிடைமட்டத் தூரத்தைத்தான் ஏறத்தாழப் பார்க்கிறது. 45 பாகைச் சரிவில் 300 மீட்டர் தொலைவில் நிற்கும் விலங்குக்குக் கிடைமட்டத் தூரம் 212 மீட்டர். 200 மீட்டரில் சரிபார்த்த .270, 300 மீட்டரில் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே விழும். அதை நினைத்து 20 சென்டிமீட்டர் மேலே குறிபார்த்தால் குண்டு முதுகுக்கு மேலே பறந்துவிடும்.

இதைப் பழக ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. இளைஞரைச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன், புதுச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டர்தான். கையில் துப்பாக்கி இல்லை, லேசர் தூரமானி மட்டும். இராசகிரியின் அடிவாரத்தில் நின்று மேலே ஒரு மதில் துண்டைக் காட்டி எவ்வளவு தூரம் என்றேன். இருநூறு என்றார். கருவி 310 மீட்டர், 35 பாகை என்றது. கிடைமட்டக் கணக்கு 254 மீட்டர். பிறகு மதியம் வரை பாறை, மரம், மண்டபம் என்று எதைப் பார்த்தாலும் முதலில் வாயால் மதிப்பிட்டு, பிறகு கருவியால் அளந்தோம். கிளம்பும்போது அவருடைய பிழை முப்பது, நாற்பது மீட்டராகக் குறைந்திருந்தது. 20 பாகைக்குக் குறைவான சரிவையும் 200 மீட்டருக்குக் குறைவான தூரத்தையும் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, நேராக நடுவில் குறிவைக்கலாம்.

காற்றைப் படிக்க நமக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. கொடி எவ்வளவு விரிந்தால் காற்று எவ்வளவு என்று மாலையில் நடக்கும்போதே பழகிக்கொள்ளலாம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று .270 குண்டை 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிவிடும். அந்த எவர்சில்வர் தட்டின் பாதியைவிட அது அதிகம். ஆனால் நம் கடற்காற்று ஒரே பக்கத்திலிருந்து சீராக வருவது. மலைப் பள்ளத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் இலை அசையாமல் இருக்க, நடுவில் ஓடைக்கு மேலே வேறொரு காற்று அடிக்கும். எதிர்ச்சரிவின் புல்லைத் தொலைநோக்கியில் பாருங்கள். ஐயம் இருந்தால் இன்னும் அருகில் போங்கள்.

உயரமும் குளிரும் எதிரெதிராக வேலை செய்கின்றன. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, குண்டின் வேகம் மெதுவாகத்தான் குறையும். ஆனால் கோடையில் 30 பாகை செல்சியஸ் வெயிலில் சரிபார்த்த தோட்டா, மார்கழியில் மைனஸ் 10 பாகையில் மருந்து மந்தமாக எரிந்து, சில வகைகளில் நொடிக்கு 20, 30 மீட்டர் வரை வேகம் இழக்கும். 200 மீட்டருக்குள் இரண்டும் பெரிய பொருட்டல்ல. செய்ய வேண்டியது, குளிர் தொடங்கிய பிறகு ஒரு முறை சுடுதளத்துக்குப் போய் மறுபடி சரிபார்ப்பதுதான்.

வாங்கிய பின்

முதலில் ஒரே குண்டு எடையில் மூன்று வெவ்வேறு பெட்டிகள் வாங்குங்கள். ஒவ்வொரு குழலும் ஒரு குண்டை விரும்பும், இன்னொன்றை வெறுக்கும், இதற்குக் காரணம் கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம். 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அந்தப் பெட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதியில் இரண்டு பருவத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள். பிறகு 100 மீட்டரில் குண்டு குறிக்கு 4 சென்டிமீட்டர் மேலே விழும்படி ஸ்கோப்பைத் திருப்பி வையுங்கள். .270 போன்ற தட்டையான தோட்டாவானால், இப்படி வைத்தால் ஏறத்தாழ 220 மீட்டர் வரை எந்தக் கணக்கும் இல்லாமல் நடுவில் குறிவைத்துச் சுடலாம். பாதை எங்கும் ஒரு கைப்பிடி அகலத்துக்குமேல் விலகாது. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறினால் குழலை நன்றாகத் துடைத்துவிட்டு இந்த வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வேட்டையில் கிடைப்பது குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு குண்டு. ஆகவே சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டு மட்டும் எங்கே விழுந்தது என்பதைத் தேதியோடு, வெப்பநிலையோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்னுடையது பழைய கோடு போட்ட பள்ளி நோட்டு. பத்துப் பக்கம் நிரம்பியபோது என் துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஊருக்கு விமானம் ஏறும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வேட்டைக்குப் போட்ட சட்டையையும் முதுகுப்பையையும் நம்மில் பலர் அப்படியே பயணத்துக்கும் எடுத்து வருகிறோம். எல்லாப் பைகளையும் வெளியே திருப்பி உதறிப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும், "மாமா, தெரியாமல் வந்துவிட்டது" என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. அந்த இளைஞர் இப்போது 6.5×55 வாங்கியிருக்கிறார். சென்ற வாரம் கைபேசியில் பேசும்போது, துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், 170 மீட்டரில் தட்டுக்குள் நான்கு, வெளியே ஒன்று என்று மட்டும் சொன்னார். அப்படியானால் 150-இல் சுடு என்றேன்.